அப்பத்தா வீட்டுக்கு எத்தனை லிட்டர்?

எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் ஒரு கிணறு. மேலூர் பக்கம் ஊரில், அப்பத்தா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றை மூடிவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்து வீட்டை எடுத்துக் கட்டணும் என்கிறார் அப்பா. போர் போட்டாச்சு, இனிமே கிணறு எதுக்கு என்பது அவர் கட்சி. மூடக்கூடாது என்பது என் கட்சி.

"ஏண்டா?" என்றார்.

"தீப்பிடிச்சா தண்ணி வேணும்லப்பா."

சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ரோசம் வந்தது. ஒரு கிராமத்து வீட்டில் தீப்பிடித்தால் அணைக்க எவ்வளவு தண்ணீர் இருக்கணும் என்று யாராவது எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்கள்ல? அதைக் கண்டுபிடித்து அப்பா முன்னால் வைத்துவிட்டால் முடிந்தது கதை என்று நினைத்தேன். காஸ்ட் அக்கவுண்டிங் இன்டெர்னல் இருந்த வாரம் அது. மார்க் எவ்வளவு என்று யாரும் கேட்காதீர்கள்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

2024 மார்ச். பங்குனி பிறந்து சில நாள். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நான் அன்றைக்கு ஊரில் இருந்தது தற்செயல்தான், பக்கத்து ஊர்க் காதுகுத்துக்குப் போய்விட்டு அப்பத்தா வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தேன். முதலில் வந்தது சத்தம். படபடவென்று, சோளம் பொரிவது மாதிரி. எழுந்து பின்னால் ஓடினால் வைக்கோல் படப்பு மேல்பக்கம் எரிந்துகொண்டிருக்கிறது. யாரோ வரப்போரம் குப்பையைக் கொளுத்தியது காற்றில் வந்ததா, மேலே போகும் கம்பி உரசியதா, இன்றைக்கு வரைக்கும் தெரியாது. படப்புக்கு ஆறடி தள்ளி மாட்டுத் தொழுவம். தென்னங்கிடுகுக் கூரை. அதற்குப் பத்தடி தள்ளி வீடு, ஓட்டு வீடு.

தண்ணீருக்கு ஓடினோம். தெருக்குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும். ஊர் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர், காலையில் திறந்துவிட்டதோடு சரி. கிணற்றில் தண்ணீர் இருந்தது. மோட்டாரைப் போடலாம் என்றால் மும்முனை கரண்ட் அந்த நேரம் இல்லை. கொஞ்ச நேரத்தில் பாதுகாப்புக்காக டிரான்ஸ்பார்மரிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். அது சரிதான், எரிகிற கம்பிக்குக் கீழே யார் நிற்பது? ஆனால் அந்த நிமிடத்தோடு ஊரில் இருந்த அத்தனை போரும் செத்துப்போனது. வாளியும் கயிறும்தான் மிச்சம். முப்பத்தைந்து அடியிலிருந்து வாளி வாளியாக இறைத்து, ஆள் மாற்றி ஆள் மாற்றிக் கொடுத்தோம். சாக்கை நனைத்து வீட்டு ஓட்டின் மேல் போட்டார்கள். சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் தொழுவத்துக் கூரையை அரிவாளால் அறுத்துக் கீழே தள்ளப் பார்த்தார்கள். மூன்று உருப்படியை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு கிடேரி உள்பக்கம் கட்டியிருந்தது. அதை எடுக்க முடியவில்லை.

தீயணைப்பு வண்டி நாற்பது நிமிடத்தில் வந்தது. வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த ரோட்டில் அதற்குமேல் வேகமாக வந்தால் வண்டி கண்மாய்க்குள்தான் போகும். பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அடித்தார்கள். தண்ணீர் தீர்ந்தது. மறுபடி பிடிக்க எங்கே போவது? கண்மாய் வறண்டு கிடக்கிறது. மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு ரைஸ்மில் தொட்டியில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதற்குள் எரிய வேண்டியதெல்லாம் எரிந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு பக்கத்து மரச்சட்டமும் கொஞ்சம் ஓடும் போனதோடு தப்பித்தோம். இரண்டு ஏக்கர் வைக்கோல், தொழுவம், கிடேரி. அப்பத்தா கிடேரியைப் பற்றிப் பேசுவதே இல்லை. கன்று போட்ட நாளிலிருந்து அவள் வளர்த்தது.

இனி தேடல்.

அந்த ஏப்ரலில் எங்கள் கல்லூரிக்குத் தீத்தொண்டு வாரத்துக்காகத் தீயணைப்புத் துறையிலிருந்து வந்து செயல்விளக்கம் காட்டினார்கள். (1944 ஏப்ரல் 14-ல் பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் பலர் இறந்தார்கள். அந்த நினைவுக்குத்தான் இந்த வாரம்.) எல்லாரும் சிலிண்டரில் சாக்கைப் போட்டு அணைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது, நான் ஒரு மூத்த வீரரிடம் எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். கிணற்றில் தண்ணீர் இருந்தும் ஏன் வண்டி எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"தண்ணி எத்தனை அடியில தம்பி கெடந்துச்சு?"

"முப்பத்தஞ்சு இருக்கும்ண்ணே."

"வராதுப்பா. எங்க பம்பு உறிஞ்சித்தான் எடுக்கும். இருபது, இருபத்தஞ்சு அடிக்கு மேல இழுக்காது."

பிளஸ் டூவில் நானும் காமர்ஸ் குரூப்தான், பிசிக்ஸ் பத்தாம் வகுப்போடு சரி. வந்து படித்துப் பார்த்தேன். பம்பு தண்ணீரை இழுப்பதில்லையாம். பம்பு குழாய்க்குள் காற்றை எடுத்துவிடுகிறது, வெளியில் இருக்கும் காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. உலகத்தில் எவ்வளவு பெரிய பம்பு வைத்தாலும் அந்த வழியில் 10.3 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறாது. நடைமுறையில் ஏழு மீட்டரே பெரிது. போர்வெல் என்றால் பேச்சே இல்லை, உள்ளே இருக்கும் மோட்டார் கரண்டில் தள்ளினால்தான் உண்டு. எங்கள் வீட்டு போர் 1,000 லிட்டர் டேங்க்கை நிரப்ப 25 நிமிடம் எடுக்கும். ஒரு தீயணைப்பு வண்டிக்குப் பொதுவாக 4,500 லிட்டர். நிரப்ப ஏறக்குறைய இரண்டு மணி நேரம்! காலியாகும் நேரமோ, ஒரு குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் அடித்தால், பத்தே நிமிடம்.

ஆக, கிணற்றை மூடக்கூடாது என்ற என் கட்சி அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது. இதை அப்பாவிடம் உடனே சொல்லவில்லை.

விதி என்ன சொல்கிறது என்று பார்க்கப் போனேன். இந்தியாவில் கட்டடங்களுக்குத் தேசியக் கட்டடக் கோடு என்று ஒன்று இருக்கிறது. 1970-ல் முதலில் வந்தது, கடைசியாகப் பெரிதாகத் திருத்தியது 2016. அதன் நான்காவது பகுதி முழுக்கத் தீதான். அடுக்குமாடிக்கு, ஓட்டலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, தியேட்டருக்கு என்று மொட்டைமாடித் தொட்டி எவ்வளவு, தரைத்தொட்டி எவ்வளவு, பம்பு எவ்வளவு என்று பத்தாயிரக்கணக்கான லிட்டரில் பட்டியல் போகிறது. ஒரு குடும்பம், இரண்டு குடும்பம் இருக்கும் தனி வீட்டுக்கு வந்தால் தீத்தொட்டி தேவையில்லை. அவ்வளவுதான். நகரத்தில் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, தனி வீடு எரிந்தால் தெருவில் நகராட்சித் தண்ணீர் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில்?

அடுத்து, மத்திய நகர்ப்புற அமைச்சகம் 1999-ல் வெளியிட்ட குடிநீர்க் கையேடு. அதில் ஒரு அழகான சூத்திரம் கிடைத்தது. ஊரின் மக்கள்தொகையை ஆயிரத்தில் எழுதி, வர்க்கமூலம் எடுத்து, நூறால் பெருக்கினால் தீக்காக ஒதுக்க வேண்டிய தண்ணீர், கிலோலிட்டரில். மதுரை மாநகராட்சிக்குப் போட்டுப் பார்த்தேன். 2011 கணக்கெடுப்பில் 10,17,865 பேர். விடை சுமார் 3,190 கிலோலிட்டர், அதாவது 32 லட்சம் லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு நீர்த்தேக்கத் தொட்டிகளில், மிச்சம் ஊரில் அங்கங்கே நிலைத் தொட்டிகளில் இருப்பது நல்லது என்கிறது கையேடு. அப்படி மதுரையில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு போகாதீர்கள், நான் காகிதத்தைத்தான் சொல்கிறேன். சரி, எங்கள் ஊருக்கு? 3,200 பேர். போட்டால் 1,79,000 லிட்டர் வருகிறது. எங்கள் மேல்நிலைத் தொட்டி மாதிரி ஆறு. சந்தோஷமாக அப்பாவிடம் ஓடுவதற்குள் மேலே ஒரு வரி கண்ணில் பட்டது: இந்தச் சூத்திரம் 50,000-க்கு மேல் மக்கள் இருக்கும் ஊருக்கு மட்டும்.

கிராமத்துக்கு என்று தனியாக இருக்கும் தண்ணீர்க் கணக்கு குடிநீர்க் கணக்குதான். முன்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர். 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் 55 லிட்டர். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க. எரிய அல்ல.

என் ரூம் மேட் குரூப் டூவுக்குப் படிக்கிறவன். சுவரில் அரசியலமைப்பு அட்டவணைகளை ஒட்டி வைத்திருக்கிறான். அவனிடம் புலம்பியபோது எழுந்து போய்ச் சுவரைக் காட்டினான். 1992-ல் செய்த 73, 74-ஆவது திருத்தங்கள். நகராட்சிகளுக்கு ஒதுக்கிய பன்னிரண்டாவது அட்டவணையில் 18 விஷயங்கள், ஏழாவது தீயணைப்பு. பஞ்சாயத்துகளுக்கு ஒதுக்கிய பதினொன்றாவது அட்டவணையில் 29 விஷயங்கள். விவசாயம், மீன்வளம், நூலகம், சந்தை, குடிநீர், வீட்டு வசதி எல்லாம் இருக்கிறது. விரல் வைத்து மூன்று தடவை வாசித்தோம். தீ இல்லை. "பரீட்சைக்கு நல்ல கேள்விடா இது" என்றான் அவன். அவன் கவலை அவனுக்கு.

தமிழ்நாட்டில் தீயணைப்பை மாநில அரசே நடத்துகிறது என்பதால் வண்டி எப்படியும் வரும், அது உண்மை. ஆனால் நிலையங்களுக்கு இருக்கும் பழைய தேசிய அளவுகோல், கிராமப்புறத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், 20 நிமிடத்துக்குள் வண்டி. மதுரை மாவட்டம் 3,741 சதுர கிலோமீட்டர். வகுத்தால் 74 நிலையம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள், அதில் பாதியைக்கூடத் தொட மாட்டீர்கள்.

சரி, வெளிநாட்டுக்காரன் என்ன செய்கிறான்? நியூசிலாந்தில் 2008-ல் ஒரு நடைமுறை விதி வெளியிட்டிருக்கிறார்கள். குழாய் வசதி இல்லாத கிராமத்து வீட்டுக்கு 90 மீட்டருக்குள் 45,000 லிட்டர் தண்ணீர் இருக்கணும். வீட்டுக்குள் தானியங்கித் தெளிப்பான் வைத்திருந்தால் 7,000 லிட்டர் போதும். அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 1142 என்ற தரம். வீட்டின் நீளம் அகலம் உயரத்தைப் பெருக்கி, கன அடியை ஏழால் வகுத்தால் கேலன். எவ்வளவு குறைந்தாலும் 2,000 கேலனுக்குக் கீழே போகக்கூடாது. 50 அடிக்குள் இன்னொரு கட்டடம் இருந்தால் ஒன்றரை மடங்கு, குறைந்தது 3,000 கேலன். அப்பத்தா வீட்டை டேப் வைத்து அளந்தேன். 30-க்கு 20, உயரம் 12. ஏழால் வகுத்தால் 1,029 கேலன்தான் வருகிறது. ஆனால் சித்தப்பா வீடு எட்டடி தள்ளி இருக்கிறது. எங்கள் ஊரில் 50 அடிக்குள் இன்னொரு வீடு இல்லாத வீடே கிடையாது. அப்போது 3,000 கேலன், 11,356 லிட்டர். இரண்டரை வண்டித் தண்ணீர். முதல் தடவையாக எனக்கு ஒரு எண் கிடைத்தது.

அவர்களுக்கு எண் இருப்பது ஏன், நமக்கு இல்லாதது ஏன் என்று யோசித்தேன். அவர்கள் புத்திசாலிகள் என்பதால் அல்ல. அங்கே வீடு எரிந்தால் ஒரு கம்பெனிக்கு நஷ்டம். அமெரிக்காவில் வீட்டுக் காப்பீட்டுக்கு ஊர்களைத் தரம் பிரிக்கும்போது, தண்ணீர்க் குழாய் 1,000 அடிக்குள் இருக்கிறதா, தீயணைப்பு நிலையம் ஐந்து மைலுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தூரம் என்றால் பிரீமியம் ஏறும். காசு கொடுக்க வேண்டியவன் கேள்வி கேட்கிறான், கேள்வியிலிருந்து விதி வருகிறது. நம் ஊரில் 2021 ஏப்ரலிலிருந்து பாரத் கிருஹ ரக்ஷா என்று எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி விற்கும் வீட்டுக் காப்பீடு இருக்கிறது. எங்கள் தெருவில் அந்தப் பெயரைக் கேட்டவர் யாருமில்லை. வி.ஏ.ஓ. வந்து எழுதிப் போவார், அரிசி, வேட்டி, சேலை, கொஞ்சம் பணம் வரும், மிச்ச நஷ்டம் குடும்பத்தின் தலையில். இன்சூரன்ஸ் பேப்பரில் நான் எழுதிய எந்த விடையை விடவும் இது எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஆனால் நம் அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். தண்ணீர்ப் பக்கம் போகாமல் கூரைப் பக்கம் போனார்கள். நான் பிறந்த வருஷம் 2004. அந்த ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கூரை எரிந்து மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளிக்கூடம், 94 குழந்தைகள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கூரை எடுக்கப்பட்டது. 2010-ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக மாற்றக் கலைஞர் வீட்டுவசதித் திட்டம். 2011-க்குப் பிறகு பசுமை வீடு. 2024 பட்ஜெட்டில் கலைஞர் கனவு இல்லம், 2030-க்குள் எட்டு லட்சம் வீடு, ஒன்றுக்கு மூன்றரை லட்சம். எரியாத கூரை போட்டுவிட்டால் அணைக்கத் தண்ணீர் எதற்கு? உண்மையிலேயே இது வேலை செய்திருக்கிறது. அப்பா சின்ன வயதில் தெருவே எரிந்த கதை சொல்வார், என் வயதுக்காரர்களுக்கு அப்படி ஒரு கதை இல்லை. அன்றைக்கு எங்கள் வீடு தப்பித்ததும் ஓட்டுக் கூரையால்தான். கிடேரி செத்தது கிடுகுக் கூரையால். எந்தத் திட்டத்திலும் தொழுவத்துக்கும் படப்புக்கும் எண் இல்லை. ஊரில் இன்றைக்கும் எரிகிறது என்றால் பெரும்பாலும் அதுதான் எரிகிறது.

இத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை அப்பா முன்னால் உட்கார்ந்தேன். முதலில் தோல்வியை ஒத்துக்கொண்டேன். கிணறு தீக்கு உதவாது, வண்டியால் எடுக்க முடியாது. அப்பா முகத்தில் ஒரு பெருமிதம். பிறகு என் புது மனுவை நீட்டினேன். புது வீட்டுக்கு எப்படியும் 5,000 லிட்டர் சம்ப் கட்டப் போகிறோம். அதை 12,000 ஆக்குவோம். தெருப்பக்கம், வண்டி நிற்கும் இடத்தில், உறிஞ்சு குழாய் இறங்குகிற அளவுக்கு மூடி வைப்போம். தண்ணீர் தரையிலிருந்து எட்டடிக்குள் இருக்கும், கரண்ட் வேண்டாம், எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே ஆகும். கொத்தனார் லிட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய் சொல்கிறார். கூடுதல் 7,000 லிட்டருக்கு 84,000 ரூபாய். மார்ஜினல் காஸ்ட் என்று விளக்க ஆரம்பித்தேன்.

"எம்பத்தி நாலாயிரத்துக்கு ரெண்டு மாடு வாங்கிரலாம்டா" என்றார் அப்பா.

எனக்கு அதற்குப் பதில் இல்லை. அமெரிக்கக்காரனிடமும் இல்லை.

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மொதல்ல படப்பைக் கொண்டுபோய்க் களத்துல போடுங்கடா. வீட்டை ஒட்டிப் போடச் சொன்னது யாரு?"

சொன்னது அவள்தான். மூட்டு வலி வந்த பிறகு களம் வரைக்கும் நடந்து வைக்கோல் உருவ முடியவில்லை என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் பின்பக்கம் போடச் சொன்னாள். அதற்கு முன்னால் படப்பு வீட்டிலிருந்து நூறடி தள்ளித்தான் இருந்தது. நான் போட்ட அத்தனை கணக்கிலும் வைக்கோல் எங்கேயுமே இல்லை. நூறடி தள்ளியிருந்தால் அன்றைக்கு எத்தனை லிட்டர் தேவைப்பட்டிருக்கும்?

"அப்ப வைக்கோலை யாரு தூக்கியாருவா?" என்றார் அப்பா.

"இந்தா, கணக்குப் போடுறானே, இவன் லீவுக்கு வரும்போது தூக்கியாரட்டும். மத்த நாளைக்கு ஒன் தம்பி" என்றாள்.

இப்போதைய நிலவரம்: படப்பு களத்துக்குப் போகிறது. தொழுவத்துக்குத் தகரக் கூரை. சம்ப் 8,000 லிட்டர், தெருப்பக்கம்தான். 12,000 கேட்டு எட்டில் முடித்திருக்கிறேன். மூடி எவ்வளவு அகலம் வைக்கணும் என்று அந்தத் தீயணைப்பு அண்ணனைக் கேட்டு அளவு வாங்கி வைத்திருக்கிறேன், கொத்தனாரிடம் கொடுக்கணும். கிணற்றை அப்பா மூடவில்லை, மேலே கம்பி வலை போடுவதாகச் சொல்கிறார். எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்டா" என்கிறார்.